வலிக்காத தோள்

என் தங்கையின் கணவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டைக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. எல்லாருக்கும் அவன் பீரோ.

வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுக்கும் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். நான் லாரி ஓட்டுகிறேன். அவன் சுமக்கிறான். ஆறடி இரண்டங்குலம், நூற்றுப் பதினான்கு கிலோ. வேலைக்கு வந்த முதல் நாளே ஓர் இரும்பு பீரோவைத் தனியாக முதுகில் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தான். கீழே நின்ற முதலாளி, "என்னய்யா இது, பீரோவே பீரோவைத் தூக்கிட்டு வருது" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான். எங்கள் வீட்டுப் பழைய சோஃபாவை இறக்கத்தான் அவனை முதலில் வீட்டுக்கு அழைத்துப்போனேன். மறுவருடம் என் தங்கையைக் கட்டிக்கொண்டான். "சோஃபாவைத் தூக்க வந்தவன் பொண்ணையும் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

அவனைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே மூச்சில் தூக்கி முடிகிற வேலை என்றால் அவனை மிஞ்ச ஆளில்லை. வாஷிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவான், வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், குடிக்க ஏதாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் கண்ணாடிச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை தொடங்கியதும் ஆளைக் காணமுடியாது. லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். கேட்டால், "என் விரலுக்கு அது ஒத்துவராது மச்சான்" என்பான். நாங்களும் விட்டுவிடுவோம். அவ்வளவு பெரிய ஆளை ஒரு தட்டு சுற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

குத்துச்சண்டைக்கு அவன் போனதும் இப்படி ஒரு தூக்கில்தான். டயர் கடைக்கு மேலே இருந்த ஒரு பயிற்சிக்கூடத்தை வேறு தெருவுக்கு மாற்றும் வேலை எங்களுக்கு வந்தது. அங்கே குத்திப் பழகத் தொங்கவிட்டிருந்த மணல் மூட்டைகளைத் தோளுக்கு ஒன்றாக, இரண்டைச் சேர்த்துச் சுமந்து வந்தான் பீரோ. கூடத்தை நடத்தும் மாஸ்டர் அறுபது வயதுக் குட்டை மனிதர். அவர் ஒன்றும் பேசாமல் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், மாடு வாங்குகிறவர் பார்ப்பதுபோல. "நாளைக்கு வா" என்றார். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி மூன்று வருடம்.

மூன்று வருடத்தில் ஒன்பது சண்டை, ஒன்பதிலும் வெற்றி. ஹெவிவெயிட் பிரிவில் எங்கள் பக்கம் ஆளே குறைவு. கிடைத்தவர்கள் கிளப் வாசல் காவலாளி, டிராக்டர் மெக்கானிக் என்று இவனைப் போலவே திடீரென்று வந்தவர்கள். வலது கையால் ஒன்று விடுவான், எதிராளி உட்கார்ந்துவிடுவார். எந்தச் சண்டையும் மூன்றாவது ரவுண்டைப் பார்த்ததில்லை. சாலையில் போகிறவர்கள் லாரி ஜன்னலுக்குள் கை நீட்டி அவன் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். ஓட்டுகிற என்னையும் ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

மாஸ்டர் மட்டும் முனகிக்கொண்டே இருந்தார். காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொன்னால் பீரோ ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு நிற்பான். கூடத்தில் பழகச் சொன்னால் தன்னைவிட இருபது கிலோ குறைந்தவனாகப் பார்த்துக் கூப்பிடுவான். யாராவது விலாவில் ஒன்று வைத்தால், "டேய், விளையாட்டுக்குத்தானேடா" என்று சிரித்துக்கொண்டே அவனைக் கட்டிப்பிடித்துவிடுவான். சிரிப்பு நன்றாக இருக்கும். அதற்குள் என்ன இருந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பத்தாவது சண்டை மண்டலப் பட்டத்துக்கானது, எட்டு ரவுண்டு. எதிராளி ஒரு ரொட்டிக்காரர். பக்கத்து ஊரில் சொந்தமாக பேக்கரி வைத்திருப்பவர். முப்பத்தேழு வயது, முன்வழுக்கை, இடுப்பைச் சுற்றிச் சதை. அதுவரை பதினொரு முறை தோற்றவர். எடை பார்க்கிற அன்று அவர் சட்டையைக் கழற்றியதும் எங்கள் ஆட்கள், "மாவு பிசையும்போது பாதியை முழுங்கிட்டாரு போல" என்று சிரித்தார்கள். அதைக் கேட்டு அவரும் சிரித்தார்.

நான் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தங்கை. முதல் இரண்டு ரவுண்டும் பீரோ வழக்கம்போல வலது கையை வீசினான். ரொட்டிக்காரர் இரண்டு முழங்கையையும் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்குகிறவர்போல எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒரு முறை காதோரத்தில் சரியாகப் பட்டது. ஆள் தள்ளாடினாரே தவிர விழவில்லை. மூன்றாவது ரவுண்டு மணி அடித்தபோது பீரோ வாயால் மூச்சு விட ஆரம்பித்திருந்தான். இதுவரை அவன் போயிராத இடம் அது.

நான்காவது ரவுண்டில் ரொட்டிக்காரர் குனிந்து உள்ளே வந்து, இடது கையால் அவன் வலது விலாவுக்குக் கீழே ஒன்று விட்டார். நனைந்த மெத்தையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம், எனக்கே கேட்டது. பீரோ விழவில்லை. வாய் திறந்தது, காற்று உள்ளே போகவில்லை. அவன் கண் எதிராளியை விட்டுவிட்டு எங்கள் மூலையைத் தேடியது. மணி எப்போது அடிக்கும் என்று கேட்கிற பார்வை. ஐந்தாவது ரவுண்டு முழுக்க ரொட்டிக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தான். அவர் பொறுமையாக விலக்குவார், அதே இடத்தில் வைப்பார். விலக்குவார், வைப்பார்.

மணி அடித்தது. மூலையில் போட்ட ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். அங்கே நடந்த பேச்சை அவன்தான் பிற்பாடு எனக்குச் சொன்னான்.

"மாஸ்டர், தோள் போச்சு."

"எந்தத் தோள்?"

அந்தக் கேள்விக்கு அவன் யோசிக்க வேண்டியிருந்தது. கண் சிமிட்டுகிற நேரம்தான், இருந்தாலும் யோசித்தான். "வலது" என்றான்.

மாஸ்டர் தோளை அழுத்திப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நடுவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டார்.

தோள்பட்டைக் காயத்தால் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நடுவர் ரொட்டிக்காரரின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார், ஆனால் கைதட்டல் எங்கள் ஆளுக்கு. என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாத்தியா அண்ணா, ஒத்தக் கையோடயே அஞ்சு ரவுண்டு நின்னிருக்காரு" என்றாள்.

உடைமாற்றும் அறையில் பீரோ பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்த டாக்டர் தோளைத் திருப்பிப் பார்த்து, எலும்பு விலகவில்லை, தசையாக இருக்கலாம், படம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கையை மடக்கிக் கழுத்தோடு துணித்தொட்டில் கட்டப் போனார். அதற்குள் கதவைத் தட்டிக்கொண்டு ரொட்டிக்காரர் உள்ளே வந்தார். ஒரு காதில் பஞ்சு.

"தோள் எப்படி இருக்குங்க? ரெண்டாவது ரவுண்டுல நீங்க குடுத்ததுல எனக்கு இந்தக் காது இன்னும் கேக்கல" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

பீரோ எழுந்து கை கொடுத்தான். வலது கையை. முழங்கை நிமிர, தோள் முன்னால் வர, நன்றாக அழுத்திக் குலுக்கினான். குலுக்கும்போதுதான் அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துப்போயிற்று. ரொட்டிக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். "உடம்பைப் பாத்துக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு துண்டை மடித்தார். நான் காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன். எனக்கும் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது. திறக்கவில்லை.

படம் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே தசை கிழிந்திருந்தால் இதில் தெரியாது, எதற்கும் மூன்று வாரம் ஓய்வு என்றார்கள். ஒரு பொய்க்கு இதைவிட வசதியான பதில் கிடைக்காது. தங்கை அவனுக்குத் தலை சீவி விட்டாள், சட்டைப் பொத்தான் போட்டு விட்டாள், இரவில் முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தாள். ஐந்து வயது மகள் அவனுக்கு வலப்பக்கம் படுக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் படுத்தாள். எதிர்வீட்டு அக்கா பேச்சுவாக்கில், "உன் வீட்டுக்காரர் பாதியிலயே உக்காந்துட்டாராமே" என்று கேட்டுவிட்டாள். என் தங்கை வாசலில் நின்று அரைமணி நேரம் அவளைக் கிழித்து எடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. உள்ளே உட்கார்ந்து இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தவன் துணித்தொட்டிலை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

வேலைக்கு வராமல் இருந்திருக்கலாம். முதலாளிதான், "வீட்ல ஏன் குந்திக்கிட்டு? பெட்டிக்கு நம்பர் எழுதிக் குடு, போதும்" என்று கூப்பிட்டார். இடது கையால் கோணல்மாணலாக எண் எழுதிக்கொண்டு நின்றான். படியிறக்கும்போது அவன் பிடித்துவந்த கீழ்முனையை மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அதிகம் பிடித்தது சித்தப்பா.

சித்தப்பா யாருக்குச் சித்தப்பா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார், ஐம்பத்து நான்கு வயது. ஒல்லி, ஆனால் முறுக்கிய கயிறு மாதிரி உடம்பு. எல்லாப் படிக்கட்டையும் திட்டிக்கொண்டே ஏறுவார். "நீ தோளைப் பாத்துக்க தம்பி, பட்டத்தை அடுத்த தடவை வாங்கிக்கலாம்" என்று பீரோவுக்கு அவர்தான் தினமும் தைரியம் சொல்வார்.

ஒன்பதாவது நாள். ஒரு மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் ஓடவில்லை. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை இறக்க வேண்டும். மேல்முனையில் இரண்டு பேர், கீழே சித்தப்பா. படி திரும்புகிற இடத்தில் சுவரோரமாக பீரோ, கையில் எண் எழுதும் அட்டையோடு. நான் கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்தேன். மேலே கட்டியிருந்த பட்டை நழுவியது. ஃப்ரிட்ஜ் சாய்ந்து, படி விளிம்பில் உரசிக்கொண்டு சறுக்க ஆரம்பித்தது.

பீரோவுக்குக் கைக்கு எட்டுகிற தூரம். இரண்டு கையையும் கொடுத்திருந்தால் அது அங்கேயே நின்றிருக்கும், அதில் சந்தேகமே இல்லை. துணித்தொட்டிலுக்குள் அந்த வலது கை துடித்ததை நான் பார்த்தேன். வெளியே வரப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது. அவன் கண் மேலே இருந்த இரண்டு பேரை ஒரு தடவை பார்த்துத் திரும்பியது. அதற்குள் ஃப்ரிட்ஜின் அடி விளிம்பு சித்தப்பாவின் வலது பாதத்தில் இறங்கிவிட்டது.

அவர் கத்திய கத்தலில் மேல் வீடுகளின் கதவெல்லாம் திறந்தன. அப்புறம்தான் பீரோ அட்டையை எறிந்துவிட்டு, கையை உருவிக்கொண்டு, ஃப்ரிட்ஜை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி மேல்படியில் வைத்தான். காலித் துணி கழுத்தில் தொங்கியது. சித்தப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு லாரிவரைக்கும் ஓடினான்.

பாதத்தில் மூன்று எலும்பு முறிந்திருந்தது. மாலையில் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். மாவுக்கட்டோடு படுத்திருந்த சித்தப்பா எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"தம்பி, உன் தோளு?"

பீரோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தத் தோளை வச்சுக்கிட்டு எனக்காகத் தூக்கிட்டியே. டாக்டர்ட்ட காட்டினியா? இன்னும் கிழிஞ்சிருக்கப் போவுது." பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பி, "இந்தப் புள்ள இல்லன்னா காலே போயிருக்கும்" என்றார். அந்த அம்மா அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த கட்டில்காரர்கள் எல்லாம் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கூனிக் குறுகி நின்றான்.

திரும்பி வரும்போது பாதி வழியில், "மச்சான், வண்டியை ஓரங்கட்டுங்க" என்றான். கட்டினேன்.

"என் தோளுக்கு ஒண்ணும் இல்ல."

"தெரியும் மாப்ள."

திரும்பிப் பார்த்தான். "எப்பலேர்ந்து?"

"அந்த மனுஷனுக்குக் கை குடுத்தியே. அப்பலேர்ந்து."

"ஏன் கேக்கல?" என்றான்.

நான் ஸ்டியரிங்கைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. ஊரெல்லாம், "என் மாப்ள தோள் கிழிஞ்சும் நின்னான்" என்று நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை எப்படிச் சொல்வது?

அவன் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். அந்த விலா அடியை வாங்கியதும், இன்னொரு தடவை அதே இடத்தில் வாங்க வேண்டும் என்ற நினைப்பே கால்களைக் கழற்றிவிட்டதாம். "வலி கூடப் பரவால்ல மச்சான். அது மறுபடி வரும்ங்கறது தாங்கல. இத்தனை நாளா யாரையும் என்னை அடிக்க விட்டதே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும் எனக்கு? இன்னைக்குப் படியில…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "அவங்க ரெண்டு பேரும் பாக்கறாங்களேன்னு நெனச்சேன். சித்தப்பா கால் அங்க இருக்கு. நான் அதை நெனைக்கல."

வீட்டில் தங்கையிடம் சொல்லும்போது என்னையும் இருக்கச் சொன்னான். நான் சமையலறை நிலைப்படியில் நின்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமல் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப பொத்தான் போடத் தெரிஞ்ச கைய வச்சுக்கிட்டுத்தான் ஒம்பது நாளா என்னைப் போட வச்சீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பயமா இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா என்ன, வீட்டை விட்டா துரத்தியிருப்பேன்?" துணியை உதறி மறுபடி மடித்தாள். குரல் உயரவே இல்லை. "எதிர்வீட்டு அக்கா கேட்டதுல என்ன தப்பு? உள்ளதைத்தானே கேட்டாங்க. நான் அவங்க பொண்ணைப் பத்தியெல்லாம் பேசிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா அண்ணா?" என்றாள்.

தெரியும் என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. அவனோடு நான்கு நாளில் பேசிவிட்டாள். அவன் சொன்னதற்கு மறுநாள் காலையில் அவள் எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியதை அவன் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். அவள் என்ன சொன்னாள் என்று இதுவரை கேட்கவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னது அதைவிடக் கடினம். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். காலை ஒரு முக்காலியில் நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். பீரோ நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னான். தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. "சரி, தோத்தவன் ஏதோ சொல்லத்தான் செய்வான்" என்றார். ஃப்ரிட்ஜ் சறுக்கும்போது கையை வெளியே எடுக்காமல் நின்றதைச் சொன்னான். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"நின்னியா?"

"நின்னேன் சித்தப்பா."

"எவ்வளவு நேரம்?"

அவர் தன் காலைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். அவர் திட்டுவார் என்றுதான் நாங்கள் போயிருந்தோம். படிக்கட்டையெல்லாம் அப்படித் திட்டுகிற மனிதர், அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. "டீ ஆறுது, குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். குடித்துவிட்டு வந்தோம்.

மாஸ்டரைப் பார்த்தபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "ஸ்டூல்லயே தெரியும்" என்றார். "ஒம்பது பேரைப் பொறுக்கி எடுத்து உன் முன்னால நிறுத்தினவன் நான். ஒருத்தனாவது விலாவுல அடிக்கறவனாப் பாத்துப் போட்டிருக்கணும். உனக்கு ஓட்டை எங்கன்னு எனக்குத் தெரியும். ஜெயிக்கிறப்ப அதைச் சொல்ல மனசு வரல." அவரும் அவனைப் பார்க்காமல்தான் பேசினார்.

மிச்சம் இருந்தது ரொட்டிக்காரர். பேப்பரில் அவருடைய வெற்றியை, எதிராளியின் காயத்தால் கிடைத்த பட்டம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு காலை நேரம் லாரியை அவர் பேக்கரி முன்னால் நிறுத்தினேன். சின்னக் கடை. ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கல்லாவில் ஓர் அம்மா, பின்னால் அடுப்பு அறையில் அவர். வரிசையைத் தாண்டிப் போகப் பிடிக்காமல் பீரோவும் கடைசியில் போய் நின்றான். நான் வாசலில் நின்றுகொண்டேன். அவன் முறை வந்தபோது ரொட்டிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்துவிட்டார்.

பீரோ குரலைத் தாழ்த்திச் சொல்லி முடித்தான். அவர் கேட்டுக்கொண்டு, "தெரியுங்க" என்றார். "ஸ்டூல்ல உக்காந்து நீங்க என் இடது கையையே பாத்துட்டு இருந்தீங்க. தோள் போனவன் அதையா பாப்பான்?"

"மன்னிச்சிருங்க."

"அது இருக்கட்டும்." அவர் கொஞ்சம் தயங்கினார். கழுத்தைச் சொறிந்ததில் மாவு ஒட்டிக்கொண்டது. "ஒரு உதவி. இதையே கொஞ்சம் சத்தமா, என் வீட்டம்மாகிட்ட சொல்ல முடியுமா? அந்த ஆளுக்குத் தோள் விடாம இருந்தா உன்னை அள்ளித்தான் எடுத்துட்டு வந்திருக்கணும்னு தினம் சொல்லுது. நானும் பன்னெண்டு வருஷமா சண்டை போடறேன். ஒரு தடவை முழுசா ஜெயிச்சது இதுதான்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் இப்போது பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு பேருக்கு அடையாளமும் தெரிந்துவிட்டது. அவன் காது மடல் சிவந்தது. கல்லாப் பக்கம் திரும்பினான்.

"அம்மா, என் தோளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. இவர் அடிச்ச அடி தாங்கல. ஆறாவது ரவுண்டுக்கு எழுந்திரிக்கப் பயந்துட்டேன். இவர்தான் ஜெயிச்சாரு."

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "இவரா?" என்றார்.

"இவர்தாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரொட்டிக்காரர் சிரிக்கவில்லை. மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. பீரோ வெளியே வந்து லாரியில் ஏறினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "போலாம் மச்சான்" என்றான். ரொட்டி எதுவும் வாங்கவில்லையா என்று நான் கேட்கவில்லை.

ரொட்டிக்காரர் அதோடு சண்டையை விட்டுவிட்டார், காது சரியாகவில்லை. அதனால் அவரோடு இன்னொரு முறை மோதிப் பார்க்கும் வாய்ப்பு பீரோவுக்குக் கிடைக்கவே இல்லை. இப்போது காலையில் ஐந்து கிலோமீட்டரும் ஓடுகிறான். கூடத்தில் தன் எடைக்கு மேல் இருப்பவனாகக் கூப்பிட்டு நிற்கிறான், விலாவில் வாங்குகிறான். அதன்பிறகு இரண்டு சண்டை போட்டான். ஒன்றில் எட்டு ரவுண்டும் நின்று புள்ளியில் ஜெயித்தான், ஒன்றில் எட்டு ரவுண்டும் நின்று தோற்றான். இரண்டுக்கும் கூட்டம் அதிகம் வரவில்லை. சாமான் ஏற்றப் போகிற வீடுகளில் சிலர் இன்னும், "தோள் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "தோளுக்கு ஒண்ணும் இல்லீங்க, அன்னைக்குப் பயந்துட்டேன்" என்பான். தன்னடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு மிகவும் கஷ்டம். மறுபடியும் ஒரு தரம் எடுத்துச் சொல்லுவான்.

சித்தப்பா பதினொரு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். நடை லேசாகச் சாய்கிறது. பீரோவிடம் பேசுகிறார், கேலி பண்ணுகிறார், சாப்பாட்டு டப்பாவைக்கூட அவன் பக்கம் நகர்த்தி வைக்கிறார். ஒன்று மட்டும் பழையபடி ஆகவில்லை. சித்தப்பா ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனைக்கு பீரோ போவதில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவன் போய்ப் பிடித்ததும் இல்லை.

போன மாதம் ஒரு வீட்டில் கனமான மரமேஜை ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. மற்ற இருவரும் மேலே இருந்தார்கள். சித்தப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் வாங்கப்பா" என்றார். பீரோ வாசற்கதவருகே நின்றிருந்தான். ஓரடி எடுத்து வைத்தான். நின்றான். லாரியில் இருந்த என்னைப் பார்த்தான்.

நான் இறங்கிப் போய் மறுமுனையைப் பிடித்தேன். இருபது வருடமாக ஓட்டுகிறவன், தூக்கிப் பழக்கமில்லை. பத்து அடி வருவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "மெதுவா, மெதுவா, அவசரமில்ல" என்றார் சித்தப்பா. பீரோ எங்களுக்காகக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, நாங்கள் கடக்கும்வரை கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.